விக்டோரியா பப்ளிக் ஹால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை சென்ட்ரல் பக்கமிருந்து வந்தால், வெள்ளை வெளேர் என்ற ரிப்பன் மாளிகைக்குச் சற்று முன்னால், ஈ.வெ.ரா. பெரியார் சாலையைப் பார்த்து நிற்கும் செங்கல் கட்டடத்தைப் பற்றிய கேள்விகள் இவை. நாடகம், குத்தகை, சுண்ணாம்பு எல்லாம் கலந்துதான் வரும். அந்தக் கட்டடத்தின் கதையே அப்படித்தான்.

இது நாடக அரங்கமா, கூட்ட மண்டபமா?

கட்டியவர்கள் மனத்தில் இருந்தது கூட்ட மண்டபம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே டவுன் ஹால் வந்துவிட்டது. மூத்த மாகாணமான சென்னைக்கு மட்டும் இல்லை. 1882 மார்ச்சில் நகரப் பிரமுகர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நமக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்து, 12 பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். பொதுக்கூட்டம், வரவேற்பு, பாராட்டு விழா என்று யோசித்துக் கட்டிய இடத்தை நாடகக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று நாம் அதை நினைவில் வைத்திருப்பது அவர்களால்தான். எந்தப் பிரமுகருக்கு எந்தத் தேதியில் மாலை போட்டார்கள் என்பது யாருக்கு நினைவிருக்கிறது?

பழைய சென்னைவாசிகள் டவுன் ஹால் என்பார்கள். வி.பி. ஹால் என்றாலும் அதுவேதான்.

பணம் யாருடையது, நிலம் யாருடையது?

பணம் சமஸ்தான மன்னர்களும் நகரத்துச் செல்வர்களும் கொடுத்தது. விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு முக்கியமான கொடையாளி. 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டியவரும் அவரே. திருவிதாங்கூர், மைசூர், புதுக்கோட்டை அரண்மனைகளிலிருந்தும் நன்கொடை வந்தது.

நிலம் நகராட்சியுடையது. அது பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவின் ஒரு பகுதி. பின்னாளில் வண்டலூருக்குப் போன மிருகக்காட்சி சாலை இருந்ததும் அந்தப் பூங்காவில்தான். அதில் 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், 1886 ஏப்ரல் 1 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு அறக்கட்டளையிடம் கொடுக்கப்பட்டது. கிரவுண்டுக்கு எட்டணா. கூட்டிப் பார்த்தால் முப்பது ரூபாய்கூட வராது. இந்தக் குத்தகைக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்; பின்னால் வேலைக்கு வரும்.

1887இல் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த பொன்விழா கொண்டாடப்பட்டது. மண்டபத்துக்கு அவர் பெயர் வந்தது அதை ஒட்டித்தான்.

வடிவமைத்தவர் யார்? கோபுரம் கேரளத்துக் கோயில்போல இருக்கிறதே?

ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். சென்னை அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞர். கடற்கரையில் இருக்கும் பல்கலைக்கழக செனட் இல்லமும் அவர் கைவண்ணம். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகளைக் கலந்து, இந்தோ-சாரசெனிக் என்று நாம் சொல்லும் பாணியைச் சென்னையில் நிலைநாட்டியவர்களில் முதல் வரிசைக்காரர்.

கோபுரக் கூரையைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்தச் சரிவுக் கூரை திருவிதாங்கூர்ப் பாணி. சிஷோம் இதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியிருந்தார். மலையாள நாட்டு மரவேலையில் அவருக்கு ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. அதனால்தான் விக்டோரியா ஹாலில் அரேபிய வளைவு, ஐரோப்பியத் தூண், கேரளக் கூரை மூன்றும் ஒரே சுவரில் சந்திக்கின்றன. காகிதத்தில் எழுதினால் கலவையாகத் தோன்றும். நேரில் பார்த்தால் உறுத்தவில்லை.

கட்டியவர் ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சென்னையின் செங்கல் கட்டடங்களில் பாதி அவர் பெயரைத்தான் சொல்லும்: உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரி, கன்னிமாரா நூலகம். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடும் இவருடையதுதான். நம் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உள்ளே எப்படி இருக்கும்?

நீள்சதுரக் கட்டடம். கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் 600 பேர் வரை உட்காரலாம். கிழக்குப் பக்கம் மரத்தாலான காலரியில் இன்னும் 200 பேர். வடக்கிலும் தெற்கிலும் தூண் வரிசையோடு தாழ்வாரங்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் 600 பேரை ஒரு கூடத்தில் உட்கார வைக்க வேண்டுமானால், உயர்ந்த கூரையும் இருபக்கத் தாழ்வாரமும் இல்லாமல் முடியாது.

தமிழ் நாடகத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் அப்படி என்ன உறவு?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை இங்கே போட்டது. கிருஷ்ணமாச்சார்லு வக்கீல். அவரோடு நடித்தவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் 18 வயது மாணவர், பம்மல் சம்பந்த முதலியார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். விடிய விடிய நடக்கும் பாட்டு, நினைத்த நேரத்தில் தொடங்குவது, ஒத்திகை இல்லாத வசனம், இதெல்லாம் பிடிக்காமல் ஒதுங்கியே இருந்தவர். தெலுங்கில் இப்படிச் செய்ய முடியுமென்றால் தமிழில் ஏன் முடியாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது இந்த மண்டபத்தில்தான். அதே ஆண்டு ஜூலை 1 அன்று நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

சபையின் முறை அன்றைக்குப் புதுமை. குறித்த நேரத்தில் திரை எழும். சில மணி நேரத்தில் நாடகம் முடியும். பாட்டு குறைவு, உரைநடை வசனம் அதிகம். ஒத்திகைக்கு வராதவருக்கு வேடம் இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். சம்பந்த முதலியார் நாயகன் என்றால் எதிரே நாயகி பெரும்பாலும் ரங்கவடிவேலு. அவர் நடிப்புக்கென்றே ஒரு கூட்டம் வரும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யனாகத் தமிழ் மேடையில் நிறுத்தியவரும் சம்பந்த முதலியார்தான். சபை உறுப்பினர்களில் வக்கீல்களும் பிற்காலத் தலைவர்களும் நிறையப் பேர். தீரர் சத்தியமூர்த்தி இங்கே அரிதாரம் பூசியவர்.

கூத்தாடி என்ற சொல் வசவாக இருந்த ஊரில், பகலில் நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் மாலையில் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. சம்பந்த முதலியார் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். பதவி வந்தபிறகும் நாடகத்தை விடவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஊர் ஊராகச் சென்று வயிற்றுப் பிழைப்புக்காக நடித்த தொழில்முறைக் கலைஞர்களுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. கனவான்கள் நடித்தபோது நாடகம் கலையானது. தொழில்முறைக் கலைஞர்கள் நடித்தபோது அது தொழிலாகவே இருந்தது. விக்டோரியா ஹாலைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து சபை இந்த மண்டபத்திலேயே குடியிருந்தது. 1936இல் மவுண்ட் ரோட்டுக்கு இடம் மாறியது.

சென்னையில் முதல் சினிமா ஓடியதும் இங்கேதானா?

ஆம். பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. பம்பாய்க்கு அது 1896 ஜூலையில் வந்தது. 1896 இறுதியிலும் 1897இலுமாக விக்டோரியா ஹாலில் அசையும் படங்கள் திரையிடப்பட்டன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய துண்டுதான், கதை கிடையாது. இருட்டில் ஒரு துணியின் மேல் மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பதே வேடிக்கை.

பிற்காலத்தில் மேடையிடமிருந்து கூட்டத்தைப் பறித்த சினிமா, சென்னையில் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு நாடகக் கூடத்துக்குள்தான்.

வேறு யார் யார் பேசியிருக்கிறார்கள்?

பட்டியல் நீளம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 9 அன்று இங்கே உரையாற்றினார். தன் செயல்திட்டம் என்ன என்று அவர் விளக்கிய பேச்சு அது. சில நாள் முன்பு கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் பேச்சைத் தொடர முடியவில்லை என்பதைச் சொல்லித்தான் அந்த உரையையே தொடங்குகிறார்.

இவ்வளவு பெருமையான இடம் ஏன் பாழானது?

வயதாகிவிட்டது என்பது பாதி உண்மைகூட இல்லை. ஏறக்குறைய அதே வயதுள்ள எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இலிருந்து இருக்கிறது, தொடர்ந்து நாடகமும் நடக்கிறது. அங்கே வாரந்தோறும் யாராவது கதவைத் திறக்கிறார்கள். கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இங்கே நடந்தது வேறு. பேசும் படம் வந்தது, சுகுண விலாச சபை போனது, நகரம் தெற்கு நோக்கி நகர்ந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் வந்தபிறகு சென்ட்ரல் நெரிசலைத் தாண்டி நாடகம் பார்க்க வருகிறவர் குறைந்துவிட்டனர். முன்புறமும் பக்கவாட்டிலும் வணிக இடங்கள் முளைத்து, சாலையிலிருந்து கட்டடமே சரியாகத் தெரியாமல் போனது.

இந்த நிலையில்தான் நான் நினைவில் வைக்கச் சொன்ன 99 ஆண்டுக் கணக்கு முடிந்தது, 1985இல். நிலம் மாநகராட்சியுடையது, கட்டடம் அறக்கட்டளையின் பொறுப்பு, உள்ளே வாடகைக்கு இருப்பவர்கள் வேறு. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. யாருக்குச் சொந்தம் என்று தெரியாத வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? அந்த ஆண்டுகளில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்த சேதம், அதற்கு முந்தைய நூறு ஆண்டுச் சேதத்தைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

இன்னொரு தற்செயல்: பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்ததும் அதே 1985இல்தான்.

புதுப்பிக்க ஏன் இத்தனை காலம்?

இடம் கைக்கு வந்தபிறகு, 2009ஐ ஒட்டி மாநகராட்சி ஒருமுறை வேலையைத் தொடங்கியது. அதற்குள் மெட்ரோ ரயில் வந்தது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்காகக் கட்டடத்தின் வாசலை ஒட்டியே ஆழமாகத் தோண்டினார்கள். பக்கத்தில் பூமியைக் குடைந்துகொண்டிருக்கும்போது நூற்றாண்டு தாண்டிய செங்கல் சுவரைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. அதிர்வு அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு சிங்காரச் சென்னை 2.0 என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 32.62 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2023இல் முழு அளவிலான பணி தொடங்கியது.

பழைய சுவர்தானே, சிமெண்ட் வைத்துப் பூசினால் என்ன?

அதைத்தான் பல ஊர்களில் செய்து, நல்ல கட்டடங்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலச் செங்கல் மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சும். அதைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்புக் காரையும் மிருதுவானது. மழைக்கு உள்ளே போன ஈரம் வெயிலில் காரை வழியாகவே வெளியே வந்துவிடும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் காரை இடம் கொடுக்கும். சிமெண்ட் இரண்டுக்கும் இடம் கொடுக்காது. ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதில் கரைந்த உப்பு வெளியே வர வழி தேடிச் செங்கல்லின் முகத்தில் பூக்கும். பிறகு செங்கல் ஏடு ஏடாக உரியத் தொடங்கும். சிமெண்ட் பூச்சு மட்டும் கெட்டியாக அப்படியே நிற்கும், பின்னால் இருக்கும் செங்கல் பொடியாகிக்கொண்டிருக்கும்.

ஆகவே மரபுக் கட்டடச் சீரமைப்பில் முதல் வேலை, முந்தைய பழுதுபார்ப்புகளில் பூசிய சிமெண்டைச் சுரண்டி எடுப்பது. உளியை ஓங்கி அடித்தால் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் அங்குலம் அங்குலமாகத்தான் எடுக்க முடியும். விரிசலில் முளைத்த அரச மரக்கன்று இன்னொரு தலைவலி. மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழையில் துளிர்க்கும். வேர் சுவருக்குள் எதுவரை போயிருக்கிறதோ அதுவரை போய் அழிக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் கலப்பார்கள் என்பது உண்மையா?

உண்மைதான், நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய கைமுறை அது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, ஊற வைத்து, மணலும் செங்கல் தூளான சுர்க்கியும் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் போட்டுப் புளிக்க வைத்த சாறு தனியாக இருக்கும். காரையைக் குழைக்க அந்தச் சாறுதான். காரை இளக்கமாக வரும், இறுகியபின் பிடிப்பும் கூடும். கிட்டே போனால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும்.

இதில் அவசரம் செல்லாது. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டுதான் கல்லாகிறது. ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசினால் வெடிக்கும். இந்த மாதிரி வேலை ஏன் இழுக்கிறது என்று கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

மெட்ராஸ் டெரஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களில் தட்டையான மேல்தளம் போடும் முறை. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் வரிசையாகக் காரையில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு.

இதில் பார்க்க வேண்டியது ஜல்லித் தளத்தை அடிக்கும் வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையடக்க மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே நகர்வார்கள். நடுநடுவே கடுக்காய் வெல்லத் தண்ணீரைத் தெளிப்பார்கள். தட்டும் கட்டை தளத்தில் பள்ளம் விழுத்தாமல் துள்ளி எழும்பினால் போதும், அடித்தது இறுகிவிட்டது. வேறு அளவுகோல் கிடையாது.

இந்தத் தளம் ஒழுகத் தொடங்கினால் முதலில் அழுகுவது விட்டத்தின் சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. அது வெளியே தெரியாது. நடு விட்டம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தளம் இறங்கும்.

சரி செய்துவிட்டால் பழையபடி நாடகம் போடலாமா?

சுவரையும் கூரையையும் மீட்பது ஒன்று, அரங்கமாக இயக்குவது வேறு. 1880களில் கட்டியபோது தீயணைப்பு விதி இல்லை, குளிர்சாதனம் இல்லை, சக்கர நாற்காலியில் வருகிறவர்களைப் பற்றிய நினைப்பும் இல்லை. மேல்தளத்தில் 600 பேர் உட்கார்ந்தால் அவசரத்தில் இறங்க எத்தனை படிக்கட்டு வேண்டும்? ஒளிவிளக்குக் கம்பிகளை எங்கே தொங்கவிடுவது? பழைய மர உத்தரத்தில் துளை போடலாமா? காற்றோட்டத்துக்காக விட்ட திறப்புகளை ஏசிக்காக மூடினால் சுவருக்குள் ஈரம் தங்குமே?

இவற்றுக்கு நல்ல விதி ஒன்றுதான்: புதிதாகச் சேர்க்கும் எதுவும் பின்னாளில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஏசிக் குழாய் சுவரை உடைத்துப் போகக் கூடாது, சுவரை ஒட்டிப் போகலாம். அழகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

32 கோடிக்குப் புதிய அரங்கமே கட்டலாமே?

கட்டலாம், கட்டவும் வேண்டும். அதற்காக இதை விட்டுவிட முடியாது. தமிழ் நாடகம் திரும்பிய முனையாக ஒரு கட்டடம் நிற்கும்போது, அதன் படத்தைச் சட்டம் போட்டு வேறு அரங்கத்தில் மாட்டுவது கையாலாகாத்தனம். தவிர, செலவு இவ்வளவு ஏறியதே பல ஆண்டு பூட்டி வைத்ததால்தான். கூரை ஒழுகிய முதல் மழையிலேயே தட்டோட்டை மாற்றியிருந்தால் கோடிக்கணக்குப் பேச்சுக்கே வந்திருக்காது.

விக்டோரியா பெயரை மாற்றிவிடலாமே?

வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே ஒரு மேடைக்கோ கூடத்துக்கோ பம்மல் சம்பந்த முதலியார் பெயரை வைக்கலாம். 1959இல் பத்மபூஷண் வாங்கியவருக்கு அவர் நடித்த இடத்தில் ஓர் அடையாளம் இருப்பது நியாயம்.

எங்கே நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்?

சாலைக்கு எதிர்ப்புறம். அருகில் போனால் கோபுரம் மறைந்துவிடும். தள்ளி நின்றால் சிவப்புச் செங்கல்லும் பக்கத்தில் ரிப்பன் மாளிகையின் வெள்ளையும் ஒரே பார்வையில் அகப்படும். ரிப்பன் மாளிகை 1913இல் திறந்தது, ஏறக்குறைய கால் நூற்றாண்டு இளையது. மேல்தள வளைவுகளுக்கு மேலே ஓடும் சுடுமண் வேலைப்பாட்டைப் பார்க்க மாலை வெயில் உதவும்.

நாடகக் குழுக்கள் மாநகராட்சியிடம் என்ன கேட்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். முதலாவது வாடகை. திருமண மண்டபக் கணக்கில் வாடகை வைத்தால், சீர்வரிசைத் தட்டுதான் மேடையேறும், நாடகம் ஏறாது. பயில்முறைக் குழுக்களுக்கு மாதத்தில் சில நாட்களைக் குறைந்த வாடகையில் ஒதுக்கி வைக்கும்படி எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது, ஒத்திகை நேரம். நிகழ்ச்சி நாளன்று காலையிலேயே மேடை கையில் வர வேண்டும். மாலை ஐந்து மணிக்குச் சாவி கொடுத்தால் விளக்கு அமைக்கவே நேரம் போய்விடும். மூன்றாவது, அரங்கப் பொருள்களை மேலே ஏற்றும் வழி. மேடை மேல்தளத்தில் அமையுமானால், பலகையும் திரையும் பார்வையாளர் படிக்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்ற நிலை வரக் கூடாது. பழைய மரக் கைப்பிடியில் முதல் கீறல் விழுவது அப்படித்தான்.